மாடியேறிய சோலைகள்

மாடித்தோட்டம் என்றதும் அஃது அண்மைக்காலப் புதுமை என்றே நம்மில் பலரும் எண்ணுகின்றனர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எகிப்து நாட்டில் அது சிறந்து விளங்கியது என்பது வரலாறு.

கி.பி. 641இல் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் நைல் நதிக்கரையில் நிறுவிய நகரம் ஃபுஸ்தாத். இன்று அது கெய்ரோவின் பழம்பகுதியாக இருக்கிறது. 1047இல் எகிப்து சென்ற பாரசீகக் கவிஞர் நாஸிர் குஸ்ரூ, அங்கே தாம் கேள்வியுற்ற ஒரு செய்தியை 'ஸஃபர் நாமா' என்னும் பயண நூலில் பதிந்துள்ளார். ஏழடுக்கு வீடொன்றின் மாடிக்கு ஒருவர் இளங்கன்று ஒன்றைக் கொண்டுபோய் வளர்த்தார். அது காளையானதும் நீர்ச்சக்கரத்தில் பூட்டினார். கிணற்று நீர் மாடியேறியது; ஆரஞ்சும் வாழையும் பூச்செடிகளும் அங்கே செழித்தன. வளர்ந்த காளையைப் படியேற்றுவது அரிது என்பதை அறிந்து, கன்றாகவே ஏற்றிய மதியை என்னென்பது!

ஃபுஸ்தாத்தை அடுத்திருந்த கெய்ரோவில் வணிகர்கள் மாடிகளில் தொட்டி வைத்துக் கனிமரங்களை வளர்த்தனர். விரும்பியவர் இல்லத்திற்குச் சுமையாட்கள் அவற்றைத் தொட்டியோடு தூக்கிச் சென்றனர் என்றும் அவர் எழுதுகிறார்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2021இல் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்த பெருங்களத்தூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வயல்கள் மனைகளாயின, மனைகள் மாடிகளாயின. மண் மறைந்த இடத்தில் எஞ்சியிருப்பது மொட்டை மாடியே. 2013-14ஆம் ஆண்டில் தமிழகத் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தளைகளை மானிய விலையில் வழங்கத் தொடங்கியதும் இதனை உணர்ந்தே. மண்ணின் சுமையைத் தளம் தாங்காது என்பதால் எடை குறைந்த தென்னைநார்க் கழிவு பயன்படுத்தப்பட்டது.

மழை அரிதான எகிப்தில் நீரை மேலேற்றக் காளை வேண்டியிருந்தது. நமக்கோ வானமே அதனை மாடியில் பொழிகிறது. சென்னைப் பகுதியின் ஆண்டு மழை சற்றேறக்குறைய 1,400 மில்லிமீட்டர். நூறு சதுர மீட்டர் மாடியொன்றில் விழும் நீர் 1,40,000 லிட்டர். மழைநீர்ச் சேகரிப்பை 2003இல் அரசு கட்டாயமாக்கியது. ஆயினும் 2015 டிசம்பரில் தாம்பரம், முடிச்சூர்ப் பகுதிகள் வெள்ளத்தில் மிதந்தன. 2019 கோடையில் சென்னை மக்கள் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றனர்.

வெள்ளத்தையும் வறட்சியையும் மாடித்தோட்டம் மட்டுமே தீர்த்துவிடாது. ஆனால் கூரைநீரைத் தொட்டியில் தேக்கிச் செடி வளர்க்கும் குடும்பம், ஒவ்வொரு துளியின் மதிப்பையும் நாள்தோறும் கற்கிறது. கன்றைச் சுமந்து மாடியேறியவரின் உழைப்பில் ஒரு சிறு பங்கேனும் நாம் செலுத்தலாகாதா?