வாளியின் மட்டமும் ரப்பரின் எடையும்

சிரம்பானின் லோபாக்கைச் சுற்றி நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பரவியிருந்த ரப்பர்த் தோட்டங்களில், பால் வெட்டுத் தொழிலாளியின் கூலிக் கணக்கில் மெட்ரோலாக் என்ற மிதவைக்கும் பங்கு இருந்தது. பால் கொட்டகைக்கு வாளிகள் வந்து சேர்ந்ததும் பால் எவ்வளவு என்று அளந்து கிராணி கணக்கில் குறித்துக்கொள்வார். ஆனால் அளவு மட்டும் தெரிந்தால் போதாது. மரத்தில் பால் வடியும் மங்கில் மழைத்தண்ணீர் விழுந்தால் வாளி நிறையும், ரப்பர் அதிகரிக்காது. வெட்டிய பாலில் ரப்பர் நூற்றுக்குச் சுமார் 30 முதல் 40 பங்குதான். மரத்தின் இனமும் பருவமும் அதை மாற்றும். மட்டத்தை வைத்துக் கூலி போட்டால் மழை பெய்த அன்று தோட்டத்துக்கு நஷ்டம். அந்த நஷ்டத்துக்குப் பயந்து கண்மதிப்பாகக் கழித்தாலோ தொழிலாளிக்கு அநியாயம். இந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் மெட்ரோலாக்.

ரப்பர் தண்ணீரைவிட லேசானது. ஆகவே ரப்பர் மிகுந்த பாலில் மிதவை ஆழமாக அமிழும். தண்ணீர் கலந்தால் மேலே எழும். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் பாலின் அடர்த்தி ஏறத்தாழ 0.97, 0.98. அவ்வளவு குறுகிய இடைவெளியில்தான் மிதவைத் தண்டின் அளவுக்கோடுகள் அத்தனையும் அடங்க வேண்டும். அளப்பதற்கு முன் பாலில் தண்ணீர் சேர்த்துக் கலக்கினால் அது இன்னும் குறுகும். தண்டில் ஒட்டிய நுரை, துடைக்காமல் விட்ட உறைந்த பால், பாலின் சூடு ஆகிய ஒவ்வொன்றும் கோட்டை நகர்த்தும். எடைக்கேற்ற கூலி என்று பேசும்போது, அந்தக் கோட்டைப் படிக்கும் விதமும் கூலிப் பிரச்சினைதான் என்பது என் உறுதியான எண்ணம்.

சாம்பிளை உறைய வைத்து, உலர்த்தி, நிறுத்தால் சரியான எடை கிடைக்குமே, மிதவை எதற்கு என்று கேட்கலாம். அதற்கு நேரம் பிடிக்கும்; பாலோ காத்திருக்காமல் உறையத் தொடங்கிவிடும். வரிசையில் நிற்கும் வாளிகளுக்கு உடனே ஒரு கணக்குத் தேவைப்பட்டது. பால் தொட்டியின் மட்டத்தை அளக்கும் இன்றைய சென்சார்கள் இதையெல்லாம் தீர்த்துவிட்டன என்பதும் முழு உண்மை அல்ல. அல்ட்ராசோனிக் கருவியின் எதிரொலியை நுரை விழுங்கிவிடும். அழுத்தத்தைக் கொண்டு உயரம் சொல்லும் கருவி, அடர்த்தி மாறினால் தவறாகச் சொல்லும். மட்டம் காட்டும் மிதவைச் சென்சாரில் பால் உறைந்து ஒட்டிக்கொள்ளும். ரேடார் பரப்பை மட்டுமே காட்டும். உள்ளே எவ்வளவு ரப்பர் என்பதை அதுவும் சொல்லாது. பால் தொட்டிக்கு எந்தச் சென்சாரை வாங்கினாலும் சாம்பிள் எடுத்து உலர்த்தி நிறுக்கும் வேலையை நிறுத்திவிடாதீர்கள்.