ஆங்கில வினையடையின் வடிவ வரலாறு

ஆங்கில இலக்கணத் தேர்வெழுதும் மாணவர் பலர், 'லி' என்னும் ஈறு பெற்றது வினையடை, பெறாதது பெயரடை எனக் கொள்வர். இக்கொள்கை பொருந்துமா என்பதை மொழிவரலாறு கொண்டு ஆராய்வாம்.

பழைய ஆங்கிலத்தில் பெயரடை எகர ஈறு பெற்று வினையடை ஆயிற்று. உடல், வடிவம் எனப் பொருள்படும் 'லீச்' என்னும் சொல் ஈறாகிப் பெயரடைகளைத் தந்தது. அதன்மேல் எகரம் சேர்ந்த 'லீச்செ' வினையடைகளைத் தந்தது. இடைக்காலத்தில் இறுதி எகரம் தேய்ந்து மறையவே, 'ஹார்ட்', 'ஃபாஸ்ட்' முதலியன இருநிலைக்கும் ஒரே வடிவாய் நின்றன. மேற்கூறிய ஈறுகள் இரண்டும் 'லி' என ஒன்றாயின. 'ஃபிரெண்ட்லி' பெயரடையாய் நிற்றல் இதனாலேயாம்.

1762இல் இராபர்ட் லௌத் தம் இலக்கண நூலில், பெயரடையை வினையடையாக ஆளுதல் தகாது என்றார். 1795இல் வெளிவந்த லிண்ட்லி மர்ரியின் இலக்கணம் பள்ளிகளிற் பரவி, அக்கருத்து வேரூன்றத் துணைசெய்தது.

எனவே, ஈறு மட்டும் சான்றாகாது. அடை எச்சொல்லைத் தழுவுகின்றது என்பதே சான்றாம். ஈற்றையே நம்பிக் 'கடுமையாக உழைத்தான்' என்னுமிடத்து 'ஹார்ட்லி' என எழுதுவோர், அவன் உழைத்தது அரிதே என்னும் எதிர்ப்பொருள் தோன்றச் செய்வர். விதியின் வரலாறறிந்து கற்பிப்பின் இவ்விடர் நீங்கும் என்பது நம் கருத்து.