பிரேக் ஏன் கத்துகிறது?

கோயில் மணியை ஒருமுறை அடித்துவிட்டு, உடனே அதன் விளிம்பைக் கையால் பற்றிப் பாருங்கள். ஓசை சட்டென்று அடங்கிவிடும். மோட்டார் காரின் பிரேக் எழுப்பும் கீச்சொலியை அடக்க நூறாண்டுகளுக்கு மேலாகப் பொறியாளர்கள் செய்துவரும் முயற்சியும் ஏறத்தாழ இதுதான். ஆனால் அது மணியைப் பிடிப்பதுபோல் எளிதாக அமையவில்லை.

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் கார் செய்துவந்த பிரெடரிக் லான்செஸ்டர் என்ற பொறியாளர் 1902-இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். சக்கரத்துடன் சுழலும் உலோகத் தட்டை இரு புறமும் தாடைகள் கவ்விப் பிடிக்கும். கருத்து மிக நல்லது. இன்றைய கார்களில் இருப்பதும் அதே கருத்துதான். ஆனால் அவருடைய தாடைகளின் உட்புறம் செம்பால் ஆனது. உலோகத்தோடு உலோகம் உராய்ந்தபோது எழுந்த ஓலம் தாங்க முடியாததாக இருந்தது. செம்பும் விரைவில் தேய்ந்தது.

இதற்கு வழிகாட்டியவர் ஹெர்பர்ட் புரூட். டெர்பிஷயர் மலைச்சாலைகளில் குதிரைவண்டிக்காரர்கள் மரத்தாலான பிரேக் கட்டையின்மேல் பழைய காலணித் தோலை அடித்துவைத்திருப்பதை இவர் கண்டாராம். 1897 முதல், பசைப்பொருளில் ஊறிய பருத்தித் துணிகளைக் கொண்டு பிரேக் பட்டைகள் செய்யத் தொடங்கினார். குதிரைவண்டிக்கு அது போதுமானது. மோட்டார் வண்டியின் வெப்பத்திலோ கருகியது. எனவே எரியாத நாராகிய கல்நாரை (ஆஸ்பெஸ்டாஸ்) நாடினார். ஓசை தணிந்தது, பட்டையும் நெடுநாள் உழைத்தது. தம் பெயரின் எழுத்துக்களோடு மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து மாற்றியமைத்து 'பெரோடோ' என்று தம் நிறுவனத்துக்குப் பெயரிட்டார்.

சரி, ஓசை ஏன் பிறக்கிறது? பட்டை தட்டைப் பற்றுகிறது, பிறகு வழுக்குகிறது, மீண்டும் பற்றுகிறது. இது ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான முறை நிகழும்போது தட்டு மணிபோல் அதிர்கிறது. வயலின் வில்லும் கம்பியும் செய்வது இதுவே. வேகம் குறையும்போது உராய்வு கூடுவதே காரணம் என நெடுங்காலம் கருதினர். 1938-இல் மில்ஸ் என்பவர் இதை விரிவாக ஆராய்ந்தார். ஆயினும் இதற்கு அடங்காத கீச்சொலிகள் இருந்தன. 1961-இல் ஸ்பர் என்பவர் வேறொரு விளக்கம் தந்தார்: உராய்வு மாறாமலே இருந்தாலும், பட்டை தட்டைத் தொடும் கோணமே அதைக் குத்தி நிற்கச் செய்து அதிர்வை உண்டாக்கலாம் என்றார். நீங்களே சோதிக்கலாம். கரும்பலகையில் சாக்கட்டியைப் பின்னால் சாய்த்து இழுத்தால் ஓசையின்றி எழுதும். முன்னோக்கித் தள்ளினால் துள்ளிக் கிறீச்சிடும்.

புரூட் தந்த அமைதிக்குப் பின்னாளில் கொடுத்த விலை பெரிது. கல்நார்த் தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகும், புற்றுநோயையும் உண்டாக்கும். கல்நார் நூற்பாலையில் வேலை செய்த நெல்லி கெர்ஷா 1924-இல் தமது 33-ஆம் வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் குக் கல்நார்த் துகள்களைக் கண்டு எழுதினார். அப்படியிருந்தும் பிரேக்கில் கல்நார் இன்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது. பிரிட்டனில் அது முற்றிலும் தடைசெய்யப்பட்டது 1999-இல்தான்! பழைய வண்டியின் டிரம்மைக் கழற்றினால் உள்ளிருக்கும் கறுப்புத் தூசியை ஒருபோதும் வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இனி உங்கள் வீட்டுக் காருக்கு வருவோம். மழை இரவு கழிந்த காலையில் முதல் நாலைந்து பிரேக்குக்கு மட்டும் உரசல் கேட்டால் அது தட்டில் படிந்த துரு, தானே போய்விடும். தினமும் மெல்லிய கீச்சொலி என்றால் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியைத் தாங்குகால்மேல் நிறுத்திய பிறகே இந்த வேலை. வெறும் ஜாக்கியை நம்பக் கூடாது. பேடின் முதுகுப்புறத்திலும் கேலிப்பர் நழுவும் ஊசிகளிலும் வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸைச் சிறிதளவு பூசினால் பெரும்பாலும் அடங்கும். மணியின் விளிம்பைப் பிடிக்கும் கைபோல் அது அதிர்வை விழுங்கிக்கொள்கிறது. உராயும் முகத்தில் மட்டும் ஒரு துளியும் படக் கூடாது. பட்டால் ஓசையோடு பிரேக்கும் போய்விடும்.

கரகரவென்று அரைக்கும் ஓசையா? பட்டை முழுதும் தேய்ந்து, அதன் இரும்பு முதுகு தட்டைத் தேய்க்கிறது. வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

இன்னொரு கீச்சொலியும் உண்டு. ஓசையை ஒழிக்கப் போராடிய பொறியாளர்களே வேண்டுமென்று வைத்தது அது. பல பேடுகளில் சிறு எஃகு நாக்கு ஒன்று இருக்கும். பட்டை இரண்டு மூன்று மில்லிமீட்டராகத் தேய்ந்ததும் அது தட்டைத் தொட்டுக் கத்தும். அதற்குக் கிரீஸ் மருந்தல்ல. ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் பேடுகளைச் சேர்த்து மாற்றிவிடுங்கள்.