புகார் எழுத ஒரு சொல் வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

2023 பிப்ரவரி 21 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து ஒரு சட்டம் போட்டது. அமெரிக்காவில் இப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். அந்த வாரம் நம் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரே வாக்குவாதம். "கடல் தாண்டிப் போயும் நம்ம மானம் போச்சே" என்றார் ஒருவர். "அமெரிக்காக்காரனுக்கு நம்ம சாதியப் பத்தி என்ன தெரியும்?" என்றார் இன்னொருவர். இன்றும் சிலர் அதே கேள்வியைக் கேட்கிறீர்கள். பதில் சொல்ல வேண்டுமானால் சாதியிலிருந்து தொடங்க முடியாது. அந்த ஊரின் வீட்டுப் பத்திரங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சியாட்டில் என்றால் நமக்கு அமேசான், போயிங், ஸ்டார்பக்ஸ், ஓயாத மழை இவைதான் நினைவுக்கு வரும். தாராள மனசுள்ள ஊர் என்றும் பெயர். ஆனால் 1920களிலிருந்து 1940கள் வரை அங்கே எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான கிரயப் பத்திரங்களில் ஒரு நிபந்தனை இருந்தது. இந்த வீட்டை வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது என்பது அதன் சாரம். வீட்டு வேலை செய்பவர் மட்டும் தங்கலாம் என்று சில பத்திரங்களில் விதிவிலக்கும் உண்டு. சமைத்துப் போட வரலாம், குடியிருக்க வரக் கூடாது. கறுப்பின மக்கள், சீனர், ஜப்பானியர், பிலிப்பினோக்கள், சில இடங்களில் யூதர்கள், எல்லோரையும் இந்த நிபந்தனை வெளியே நிறுத்தியது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. விமான ஆலைகளிலும் கப்பல் தளங்களிலும் ஆள் தேவைப்பட்டது. தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் வேலை தேடி வந்தார்கள். 1940ல் அந்த நகரில் 3,789 பேராக இருந்தவர்கள் 1960ல் 26,901 பேர் ஆனார்கள். ஏறக்குறைய ஏழு மடங்கு. ஆனால் அவர்கள் குடியிருக்க முடிந்த இடம் ஏழு மடங்கு ஆகவில்லை. சென்ட்ரல் டிஸ்ட்ரிக்ட் என்ற ஒரே பகுதிக்குள் பெரும்பாலானோர் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள்.

1948ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. இத்தகைய நிபந்தனைகளை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றித் தரக் கூடாது என்றது. அதோடு தீர்ந்ததா? இல்லை. எழுத்தில் இருந்தது வாய்மொழிக்குப் போனது. தரகர் வேறு வீதியைக் காட்டினார். உரிமையாளர் "இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்" என்றார். வங்கி கடன் தர மறுத்தது. மறுக்கப்பட்டவர் எங்கே போய் எழுதிக் கொடுப்பார்? ஒரு தனி மனிதர் தன் வீட்டை இன்னாருக்கு விற்க மாட்டேன் என்பதைக் குற்றம் என்று சொல்ல அந்த நகரத்தில் சட்டம் இல்லை.

அந்தச் சட்டத்தைக் கேட்டு அங்கிருந்த அமைப்புகள் பல ஆண்டுகள் நகர மன்றத்தின் கதவைத் தட்டின. 1963 ஜூலை 1 அன்று சாமுவேல் மெக்கின்னி, மான்ஸ் ஜாக்சன் என்ற இரு போதகர்களின் தலைமையில் சுமார் 400 பேர் நகர மண்டபத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். அதே நாளில் சுமார் 35 இளைஞர்கள் மேயர் கார்டன் கிளின்டனின் அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த நகரம் கண்ட முதல் உள்ளிருப்புப் போராட்டம் அது.

அந்த ஜூலை மாதத்திலேயே நகர மன்றம் ஒரு முடிவு எடுத்தது. சட்டம் போடவில்லை. அதற்குப் பதிலாக 12 பேர் கொண்ட மனித உரிமை ஆணையம் ஒன்றை அமைத்தது.

நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். பிரச்சினை முற்றினால் ஒரு கமிஷன் போடுவார்கள். அறிக்கை வரும், அலமாரிக்குள் போகும். சியாட்டில் மக்களுக்கும் அதே சந்தேகம். பன்னிரண்டு பேரில் இரண்டே இரண்டு பேர்தான் கறுப்பினத்தவர். "யாருடைய பிரச்சினையோ அவர்கள் இரண்டு பேர், மற்றவர்கள் பத்துப் பேரா?" என்று இளைஞர்கள் மறுபடி நகர மன்றத்துக்குள் உட்கார்ந்தார்கள். இந்த முறை கைதும் நடந்தது.

ஆனால் அந்த ஆணையம் ஓர் உருப்படியான காரியம் செய்தது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்ட வரைவை எழுதி நகர மன்றத்தின் மேசையில் வைத்தது. தன் கையில் அதிகாரம் இல்லை, அதைத் தரும் சட்டத்தையாவது எழுதுவோம் என்று இறங்கியது.

நகர மன்றத்தில் இதற்காகக் குரல் கொடுத்தவர் விங் லூக். சீனாவில் பிறந்து, சிறு வயதில் சியாட்டிலுக்கு வந்து, குடும்பத்தின் சலவைக் கடையோடு வளர்ந்தவர். 1962ல் தேர்ந்தெடுக்கப்பட்டு, அந்த வட்டாரத்தில் பதவிக்கு வந்த முதல் ஆசிய அமெரிக்கர் ஆனவர். ஆனாலும் மன்றத்தின் பெரும்பான்மை துணியவில்லை. "மக்களே முடிவு செய்யட்டும்" என்று பொது வாக்கெடுப்புக்கு விட்டுவிட்டது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? வகுப்பில் நான் அடிக்கடி கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்கிறேன். ஒரு வீதியில் பத்து வீடு. ஒன்பது பேர் சேர்ந்து பத்தாவது வீட்டுக்காரருக்குத் தண்ணீர் விடலாமா கூடாதா என்று ஓட்டுப் போட்டால் அது ஜனநாயகமா?

1964 மார்ச் 10 அன்று வாக்கெடுப்பு நடந்தது. "என் வீடு, என் உரிமை" என்பது எதிர்த்தவர்களின் வாதம். ஆதரித்து விழுந்த ஒவ்வொரு ஓட்டுக்கும் எதிராக இரண்டுக்கு மேல் விழுந்தது. தாராள மனசுள்ள ஊர் தன் மனசைக் காட்டிவிட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் விங் லூக் ஒரு விமான விபத்தில் இறந்துபோனார். அவருடைய விமானத்தின் சிதைவுகளைக் கண்டுபிடிக்கவே மூன்று ஆண்டுகள் ஆயின. தான் வாதாடிய சட்டம் நிறைவேறியதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

1967ல் சாம் ஸ்மித் நகர மன்றத்துக்குத் தேர்வானார். அந்த மன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினர். 1968 ஏப்ரல் 4ல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வாரம் கழித்து நாடு முழுமைக்குமான வீட்டு உரிமைச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்டார். ஏப்ரல் 19ல் சாம் ஸ்மித் முன்னின்று கொண்டுவந்த நகரச் சட்டத்தை சியாட்டில் மன்றம் ஒரு மனதாக நிறைவேற்றியது. உடனே அமலுக்கு வர வேண்டும் என்ற பிரிவையும் சேர்த்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் மக்கள் தலையில் போட்டுவிட்டு ஒதுங்கிய மன்றம், இந்த முறை தானே பொறுப்பேற்றது.

சரி, சட்டம் வந்தது. ஆணையம் எப்படி வேலை செய்கிறது? நம் பிள்ளைகள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய பகுதி இதுதான்.

இன்று அங்கே இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று மனித உரிமை ஆணையம். அதில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காத குடிமக்கள். கூடிப் பேசி மேயருக்கும் மன்றத்துக்கும் ஆலோசனை சொல்வார்கள். இன்னொன்று சிவில் உரிமை அலுவலகம். அது சம்பளம் வாங்கும் ஊழியர்கள் நடத்தும் நகரத் துறை. புகாரை விசாரிப்பது அதன் வேலை.

வாடகை வீடு மறுக்கப்பட்டவர், வேலையில் ஒதுக்கப்பட்டவர், கடையிலோ ஓட்டலிலோ அவமதிக்கப்பட்டவர் அங்கே புகார் தரலாம். கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. விசாரிப்பவர் எந்தப் பக்கமும் சாயாமல் இரு தரப்பையும் கேட்பார், ஆவணங்களை வாங்கிப் பார்ப்பார். நடுவில் சமரசம் ஆனால் ஆகலாம். பாகுபாடு நடந்ததாக நம்ப நியாயமான காரணம் இருக்கிறது என்று முடிவானால் முதலில் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் விசாரணை அதிகாரி முன் வழக்கு நடக்கும். காரணம் இல்லை என்று முடிவானாலும் கதவு மூடிவிடுவதில்லை. புகார் கொடுத்தவர் மனித உரிமை ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். புகார் கொடுத்ததற்காக ஒருவரைப் பழிவாங்கினால் அதுவே தனிக் குற்றம்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய சோதனை முறை. வீட்டுக்காரர் "உன் நிறத்துக்காக வீடு தர மாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார் அல்லவா? அதனால் அலுவலகமே இரண்டு பேரை அனுப்பும். இருவருக்கும் ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி வருமானம். ஒரே ஒரு வித்தியாசம்: இனம், அல்லது ஊனம், அல்லது பேச்சில் தெரியும் வேற்று நாட்டுச் சாயல். ஒருவரிடம் "வீடு காலி இருக்கு, வந்து பாருங்க" என்றும் மற்றவரிடம் "இல்லீங்க, போயிடுச்சு" என்றும் சொன்னால் பொய் பிடிபட்டுவிடும். யாரும் புகார் தராவிட்டாலும் அலுவலகத்தின் இயக்குநரே வழக்கைத் தொடங்கலாம். பாதிக்கப்பட்டவர் பல நேரம் தான் ஏமாற்றப்பட்டதே தெரியாமல் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார். அவருக்காக நகரமே போய்க் கதவைத் தட்டிப் பார்க்கிறது.

1968க்குப் பின் அந்தச் சட்டத்தின் பட்டியல் ஒவ்வொரு சொல்லாக நீண்டது. பால், திருமண நிலை, வயது, ஊனம், பாலின நாட்டம் எல்லாம் சேர்ந்தன. 1978ல் பாலின நாட்டத்துக்கான பாதுகாப்பை நீக்க வேண்டும் என்று சிலர் கையெழுத்து வாங்கி வாக்கெடுப்பு வரை கொண்டுபோனார்கள். அந்த முறை அதே நகர மக்கள் நீக்க மாட்டோம் என்று பெரும்பான்மையாக ஓட்டுப் போட்டார்கள். 1964க்கும் 1978க்கும் இடையே 14 ஆண்டுகள். சட்டம் முதலில் வந்தது, மனம் பின்னால் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. மனம் மாறட்டும், பிறகு சட்டம் பார்க்கலாம் என்பவர்களுக்கு இந்த இரண்டு தேதிகளையும் சொல்வேன்.

இப்போது 2023க்கு வருவோம். அந்தப் பட்டியலில் சாதி என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னவர் மன்ற உறுப்பினர் க்ஷமா சாவந்த். இந்தியாவில் பிறந்து வளர்ந்தவர். ஒடுக்கும் பக்கத்துச் சாதியில் பிறந்தவள் என்று அவரே சொல்லிக்கொண்டவர். எதிர்ப்பும் வலுவாக இருந்தது. இது இந்துக்களையும் தெற்காசியர்களையும் தனியே சுட்டிக்காட்டுகிறது, மதம், பூர்வீகம், நாடு என்று பட்டியலில் ஏற்கெனவே இருப்பது போதும் என்றார்கள் எதிர்த்தவர்கள். அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். அந்நிய மண்ணில் சிறுபான்மையாக இருப்பவருக்கு அப்படித் தோன்றக் காரணம் உண்டு.

ஆனால் இதையும் யோசியுங்கள். மேலாளரும் அவருக்குக் கீழ் வேலை செய்பவரும் ஒரே நாடு, ஒரே மதம், ஒரே நிறம், ஒரே மொழி. அவர்களுக்கு இடையே நடப்பதை எந்தச் சொல்லில் எழுதுவது? நம் ஊரில் வீடு பார்க்கப் போனவர்களுக்கு இது விளங்கும். "சாருக்கு எந்தப் பக்கம்? குலதெய்வம் கோயில் எங்க இருக்கு?" என்று கேட்பார்கள். பக்திக்காகக் கேட்கும் கேள்வியா அது? கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். இளம் ஆசிரியனாக நான் வீடு தேடிய காலத்தில் என்னிடமும் கேட்டார்கள். அந்தக் கேள்வியை வெள்ளைக்கார விசாரணை அதிகாரியிடம் விளக்க வேண்டுமானால் சட்டப் புத்தகத்தில் சாதி என்ற சொல் இருந்தாக வேண்டும்.

6 பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. சட்டம் நிறைவேறியது. அது எந்தச் சாதியின் பெயரையும், எந்த மதத்தின் பெயரையும் குற்றவாளியாக எழுதவில்லை. சாதியைக் காரணம் காட்டி வேலையிலும் வீட்டிலும் பொது இடத்திலும் ஒருவரை ஒதுக்காதே என்கிறது, அவ்வளவுதான். யாருக்கும் எதிராக அப்படி நடக்காதவர் பயப்பட அதில் ஒன்றும் இல்லை.

அங்கே இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு விவரம். இது சியாட்டில் நகர எல்லைக்குள் மட்டும்தான். உங்களில் பலர் வசிக்கும் பெல்வியூவும் ரெட்மண்டும் தனித்தனி நகரங்கள். அதே 2023ல் கலிபோர்னியா சட்டமன்றம் இதே போன்ற மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் ஏற்கெனவே உள்ள சட்டங்கள் போதும் என்று சொல்லி அதை நிராகரித்துவிட்டார். ஆகவே வாதம் முடியவில்லை.

"அமெரிக்காக்காரனுக்கு நம்ம சாதியப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டவருக்கு என் பதில் இது: அவர்களுக்குத் தெரிய வேண்டிய தேவை இருந்திருக்காது, நாம் அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகாமல் இருந்திருந்தால். அந்த நகரத்துக்குத் தெரிந்தது வேறொன்று. நல்லவர்கள் நிறைந்த ஊரிலும் கதவு மூடும், மூடிய கதவுக்கு முன் நிற்பவருக்குப் போய் எழுதிக் கொடுக்க ஓர் இடம் வேண்டும் என்பது. 60 ஆண்டுகளாக அவர்கள் அந்த இடத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் அலுவலகத்திலோ குடியிருப்பிலோ இப்படி எதையாவது பார்த்திருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள், பெயர்கள் வேண்டாம். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் தாராளமாக எழுதலாம். என் வகுப்பில் எதிர்க்கேள்வி கேட்டவனை நான் உட்கார வைத்ததில்லை, உங்களுக்கே தெரியும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்