சட்டம் காக்கும் ஏரி, சம்பா காக்கும் ஏரி

புதுச்சேரி வட்டாரத்தில் 84 ஏரிகள் கணக்கில் இருக்கின்றன. அவற்றுள் மிகப் பெரியது வில்லியனூரை ஒட்டிய ஊசுட்டேரி. அதற்கு அடுத்தது பாகூர் ஏரி. பறவை பார்க்கும் ஆசையோடு உடன்பிறந்தவர்கள் இருவர் ஒரு வண்டியில் புறப்பட்டால் இரண்டையும் ஒரே நாளில் சுற்றிவிடலாம். வில்லியனூரிலிருந்து கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூர். அங்கிருந்து கிழக்கே திரும்பிக் கடலூர் சாலையைத் தாண்டினால் மூர்த்திக்குப்பம், மணப்பட்டு, நரம்பை என்று கடற்கரைக் கிராமங்கள். மார்கழியில் அக்காவும் நானும் ஸ்கூட்டரில் போன வழி அது. இரண்டு ஏரியிலும் பறவைக்குக் குறைவில்லை. அந்தப் பறவைகளுக்கு யார் காவல் என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

முதலில் தண்ணீர். ஊசுட்டேரிக்குச் சங்கராபரணி ஆற்றுநீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக வருகிறது. பாகூருக்குத் தென்பெண்ணை நீர், சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்காலில் வருகிறது. இரண்டு ஆறுமே தமிழ்நாட்டைக் கடந்து வருபவை. வாய்க்கால் தூர்ந்தால் எந்த ஏரிக்கும் மழை மட்டுமே கதி.

காவல் என்று பார்த்தால் ஊசுட்டேரிக்கு அரசாணை இருக்கிறது. சுமார் 800 ஹெக்டேர் பரப்பில் ஏறக்குறையப் பாதி புதுச்சேரிக்கும் மீதி தமிழ்நாட்டுக்கும் சொந்தம். தன் பங்கான 390 ஹெக்டேரைப் புதுச்சேரி அரசு 2008இல் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாடு தன் பங்கில் சுமார் 332 ஹெக்டேரை 2014இல் பறவைகள் சரணாலயம் ஆக்கியது. ஒரே தண்ணீருக்கு இரண்டு அரசு, இரண்டு வனத்துறை, இடையில் ஆறு ஆண்டு. கோடு எங்கே ஓடுகிறது என்று நீந்தும் நாமக்கோழிக்குத் தெரியாது.

பாகூர் ஏரியைக் காப்பது பாசனம். பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். சம்பா, நவரை, சொர்ணவாரி என்று போகம் நடக்க வேண்டுமானால் ஏரி நிறைய வேண்டும், கரை நிற்க வேண்டும், மதகு திறக்க வேண்டும். பறவைக்காக யாரும் இதைச் செய்யவில்லை. பறவை அதன் பலனை அனுபவிக்கிறது. ஏரியில் நீர் வற்றும் நாளில் சேற்றில் மீன் பொறுக்கும். உழவு நடக்கும் வயலில் உண்ணிக்கொக்கு டிராக்டருக்குப் பின்னாலேயே நடக்கும். நடவு வயலில் நத்தைகுத்தி நாரை நத்தை தேடும். பாகூரில் ஏரிக்கரையோடு பறவை உலகம் முடிவதில்லை, ஆயக்கட்டு முழுவதும் அதன் உலகம்தான்.

ஆகவே பார்க்கிற விதமும் மாறுகிறது. ஊசுட்டேரியில் ஒரே இடத்தில் நின்று தொலைநோக்கியைத் திருப்பினால் போதும். நடுநீரில் ஊசிவால் வாத்துக் கூட்டம், தாமரை இலைமேல் நீளவால் இலைக்கோழி, கோரைப் புதரில் நீலத் தாழைக்கோழி, தூரத்தில் கூழைக்கடா. பறவைப் பெயர் பட்டியல் எழுதும் தம்பிகளுக்கு இது உகந்த இடம். பாகூரில் நடக்க வேண்டும், நிற்க வேண்டும், களத்துமேட்டில் இருப்பவரிடம் பேச வேண்டும். அங்கே அக்காவின் கை ஓங்கியது. உழவர் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். "நீ பறவையை எண்ணிக்கிட்டே இருடா, நான் தண்ணி எந்த மதகுல போகுதுன்னு பாக்கறேன்" என்றார். மதகைப் பார்த்தவருக்குப் பறவை எங்கே இறங்கும் என்பதும் தெரிந்திருந்தது.

உடன்பிறப்புப் பயணத்துக்குப் பாகூரில் ஒரு கதையும் கிடைக்கிறது. சிங்காரி, பங்காரி என்ற அக்காள் தங்கை இருவர், கோயிலில் ஆடியவர்கள், தம் பொருளைச் செலவிட்டு வாய்க்கால் வெட்டினார்கள் என்பது ஊர்க் கதை. பங்காரு வாய்க்கால் அந்தத் தங்கையின் பெயரைச் சுமக்கிறது என்கிறார்கள். வரலாற்றுச் சான்று வேண்டுவோர்க்கு, ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்க பல்லவன் காலத்தில் இங்கிருந்த கல்விநிலையத்துக்கு மூன்று ஊர்களைக் கொடை தந்ததைச் சொல்லும் பாகூர்ச் செப்பேடு இருக்கிறது. மாணவர்க்குச் சோறிட்டதும் இந்த மண்ணின் விளைச்சல்தான்.

வில்லியனூர்ப் பக்கம் வழித்துணைக்குத் திருக்காமீசுவரர் கோயில் உண்டு. பிரெஞ்சு ஆளுநர்கள் வடம் பிடித்த தேர் அதனுடையது. கடல் மட்டும் கிடையாது. பாகூர் கொம்யூனுக்குக் கடற்கரை இருக்கிறது. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை இரவில் ஏறி மணலில் முட்டையிடும் கரை அது. ஏரி, வயல், கடல் மூன்றும் அரை மணி நேர வண்டித் தூரத்துக்குள் இருக்கின்றன.

குறையையும் ஒப்பிட வேண்டும். ஊசுட்டேரியில் சட்டம் இருந்தும் நகரம் நெருங்கி வருகிறது. வீட்டுமனைப் பலகைகளைக் கடந்துதான் போகிறோம். பாகூரின் ஆபத்து வேறு. நெல் கட்டுப்படியாகாமல் நிலம் மனையாக மாறினால், ஏரியைக் கேட்பாரில்லை. சரணாலயம் என்று பெயரும் இல்லை. வெள்ளத்தில் மட்டும் இரண்டும் ஒன்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்து பெருமழை கொட்டிய பிறகு, வீடூர் அணை நீர் சங்கராபரணியையும், சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையையும் பெருக்கியது. வில்லியனூர்ப் பக்கமும் தண்ணீர் புகுந்தது, பாகூர்க் கிராமங்களும் மூழ்கின.

தீர்ப்பு என்று கேட்டால், பறவை பார்க்கப் புதிதாகத் தொடங்குகிறவர் ஊசுட்டேரிக்குப் போகட்டும்; விடிந்தவுடன் போகட்டும். ஒரே ஏரிக்குத்தான் நேரம் இருக்கிறது, கூட அக்காவோ அண்ணனோ வருகிறார் என்றால் என் ஓட்டு பாகூருக்கு. பறவை ஏன் வருகிறது என்பதற்கு அங்கேதான் விடை கிடைக்கிறது. போகிறவர்கள் நடவு வயலில் கால் வைக்காதீர்கள், வரப்பில் நடங்கள். ஆமைக் காலத்தில் கடற்கரையில் கைபேசி வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள். ஊருக்குத் திரும்பியதும், பங்காரு வாய்க்காலையும் சுத்துக்கேணி வாய்க்காலையும் தூர்வாரச் சொல்லி உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு மனு எழுதுங்கள். இரண்டு ஏரிப் பறவைகளுக்கும் அதைவிடப் பயனுள்ள உதவி வேறில்லை.