பிள்ளைகளின் ஊட்டமும் உடற்பருமனும்

பிள்ளை கொழுகொழுவென்றிருத்தலே நலமென நம் முன்னோர் கருதியதற்குத் தக்க காரணம் உண்டு. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் எண்ணிறந்தோர் மடிந்தனர். கண்மாயை நம்பி வரகும் கேழ்வரகும் விளைத்த நம் புதுக்கோட்டைச் சீமையில் மழை பொய்த்தால் அடுப்பெரியாது. மெலிந்த குழவி நோய்க்கு எளிதில் இரையாயிற்று. ஆதலின் பருத்த பிள்ளையைக் கண்டு தாய் மகிழ்ந்தாள்.

பசியை வெல்ல எழுந்த முயற்சிகள் பல. 1920இல் சென்னை நகராண்மையார் ஆயிரம்விளக்குப் பள்ளியில் நண்பகலுணவு வழங்கத் துணிந்தனர். 1956இல் காமராசர் அதனை நாடெங்கும் பரப்பினார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கண்டார். பசி இன்னும் முற்றும் ஒழிந்திலது. எனினும் அதன் எதிர்ப்புறத்தே வேறொரு பகை தோன்றிவிட்டது.

5 முதல் 19 வயதினருள் எடை குறைந்தோர் நூற்றுக்கு 9.2 பேர், உடற்பருமன் உற்றோரோ 9.4 பேர். இஃது 2025இல் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் வெளியிட்ட உலகக் கணக்கு. பருமன் மிகுந்தது இதுவே முதன்முறை. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டு மகளிருள் நூற்றுக்கு நாற்பதின்மர் மிகையெடையினர். இளமையிற் படிந்த பழக்கமே பெரும்பாலும் முதுமை வரை தொடர்வது. இனிப்புப் பானம், பொட்டலத் தின்பண்டம், கைப்பேசியை நோக்கியபடி உண்ணல், உறக்கக் குறைவு, ஓடியாடாமை ஆகியவை நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வழிகோலுவன.

தடுக்கும் வழி அருகிலேயே உளது. அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பிள்ளையின் எடையையும் உயரத்தையும் அளந்து வளர்ச்சி அட்டையிற் குறிப்பர். கோடு தாழ்ந்தால் அஞ்சும் நாம், அது மிகையாய் உயர்ந்தாலும் மருத்துவரை வினவுதல் வேண்டும். வளரும் பிள்ளையைப் பட்டினியிடலாகாது. எள்ளி நகையாடலும் தகாது. வீட்டார் அனைவரும் உணவைத் திருத்திக்கொள்ளின், பிள்ளையும் தானே திருந்தும். நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓடியாடி விளையாடுதலும் இன்றியமையாதது.

1991ஆம் ஆண்டையொட்டி அறிவொளி இயக்கத்தின்போது நம் மாவட்டத்து மகளிர் திரள்திரளாக மிதிவண்டி பயின்றதை நாடே வியந்தது. அவர்தம் பேரப்பிள்ளைகள் தெருக்கோடிக் கடைக்கும் மோட்டார் வண்டியிற் செல்லுதல் முறையோ?

ஆகவே, சங்கத்து விழாக்களில் பிள்ளைகட்கு இனிப்புப் பானத்தை விடுத்து மோரும் பழமும் அவித்த கடலையும் வழங்குவோமாக. பரிசாகப் பந்தும் தாண்டுகயிறும் அளிப்போமாக. பஞ்சத்தினின்று மீண்ட குடியினராகிய நாம் மிகுதியினின்றும் நம் மக்களைக் காத்தல் கடனாம்.