புழுவைக் கலந்து மேப் போட்ட கதை

போன தடவை ஜவ்வாது மலைக்குப் போனப்போ காவலூர் டெலஸ்கோப்பைப் பார்த்துட்டு, ஜமுனாமரத்தூர், போளூர்னு இறங்கி ஆரணிக்கு வண்டியை விட்டேன். வீட்ல பட்டுப்புடவை ஆர்டர், வேற வழி? :) தறி வீட்டுக்காரர் சாயம் போடாத ரெண்டு நூல் கற்றையைக் காட்டினார். ஒண்ணு பளீர் வெள்ளை, இன்னொண்ணு லேசான மஞ்சள். "வெள்ளை பைவோல்டின் சார், மஞ்சள் கிராஸ் பிரீட்"ன்னார். அந்த 'கிராஸ்' மண்டைக்குள்ள குடைஞ்சதில் தேடிப் படிச்சதுதான் இது.

மெண்டலின் பட்டாணி விதிகள் 1900-ல் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன. சயாம் அரசாங்கத்துக்கு வேலை பார்த்த ஜப்பானியர் டொயாமா கமேதாரோ, சயாம் பட்டுப்புழுவையும் ஜப்பான் புழுவையும் கலந்து பார்த்து, 1906-ல் அந்த விதி பூச்சிக்கும் பொருந்தும்னு எழுதினார். முதல் தலைமுறைக் கலப்பு நல்லா வளருது, விவசாயிக்கு அதையே கொடுங்கன்னும் சொன்னார்.

அடுத்து வந்த தனாகா யோஷிமாரோதான் என் ஹீரோ. உடம்பில் வரி போட்ட, மஞ்சள் ரத்தம் உள்ள புழு ஒரு பக்கம். வரியில்லாத, வெள்ளை ரத்தப் புழு இன்னொரு பக்கம். (மஞ்சள், தின்கிற மல்பெரி இலையிலிருந்து வர்ற நிறமி.) கலந்தா பிள்ளைங்க எல்லாம் வரியும் மஞ்சளும். இந்தக் கலப்பு ஆணை மறுபடி வரியில்லாத வெள்ளைப் பெண்ணோடு சேர்த்தா, நூத்துக்குச் சுமார் 25 பிள்ளைங்க குணம் மாறி வரும்: வரி இருக்கும், மஞ்சள் இருக்காது, இல்லைன்னா நேர்மாறா. ரெண்டு ஜீனும் ஒரே குரோமோசோமில், சுமார் 25 அலகு தள்ளி உட்கார்ந்திருக்குன்னு அர்த்தம். மேப் போடற சூட்சுமமே இவ்வளவுதான்.

ஆனா கலப்புப் பெண்ணை வச்சு அதே சோதனையைச் செஞ்சா? மாறி வர்றது ஒண்ணுகூட இல்லை! பட்டுப்புழுவில் பெண்ணின் குரோமோசோம் ஜோடி ஒன்றோடொன்று துண்டு மாத்திக்கிறதே இல்லை. 1913-14 வாக்கில் தனாகா இதைக் கண்டுபிடிச்சார். மார்கனின் பழ ஈயில் நேர் எதிர், அங்கே ஆண்தான் மாத்திக்காது. ஈயில் ஆண் எக்ஸ்-ஒய், பட்டுப்புழுவில் பெண் இசட்-டபிள்யூ. ரெண்டிலும் ஜோடி பொருந்தாத பாலினம்தான் அது. ஈக்கு 4 ஜோடி, பட்டுப்புழுவுக்கு 28 ஜோடி. எத்தனை தட்டுப் புழுவை எண்ணியிருப்பாங்கன்னு யோசிங்க மக்களே!

இதனால யாருக்கு லாபம்? கலப்பு முட்டை தயாரிக்கிறவருக்கு ஆண், பெண் தனித்தனியா வேணும். இல்லைன்னா அந்துப்பூச்சி வெளியே வந்ததும் கூடப்பிறந்ததோடயே ஜோடி சேர்ந்துடும். கூட்டை வெட்டி, கூட்டுப்புழுவின் வாலைப் பார்த்துப் பிரிக்கணும், கண்ணு போயிடும். 1940-களில் தாஜிமா யதாரோ எக்ஸ்ரே அடிச்சு, அதே 2-ஆம் குரோமோசோமின் வரித் துண்டைப் பிச்சு பெண்ணின் டபிள்யூ குரோமோசோமில் ஒட்ட வச்சார். அந்த ரகத்தில் வரி இருந்தா பெண், இல்லைன்னா ஆண். புழுவா இருக்கும்போதே பிரிச்சிடலாம். மைசூர் ஆராய்ச்சி நிலையத்திலும் இப்படிப்பட்ட ரகங்களை உருவாக்கியிருக்காங்க.

ஜவ்வாது மலைக்கு மேற்கே, நம்ம ஓசூரில், மத்திய பட்டு வாரியத்தின் மரபு வள மையம் இருக்கு. நூற்றுக்கணக்கான புழு ரகங்களை ஒண்ணோட ஒண்ணு கலந்துடாம தலைமுறை தலைமுறையா வளர்த்துக் காப்பாத்தறாங்க. நாளைக்கு யாராவது கிராஸ் போடணும்னா இங்கேதான் வரணும்.

புடவையா? வெள்ளை நூலில்தான் சொல்லியிருக்கேன். விலையைக் கேட்காதீங்க.